எம்டன் வந்த கரையில்



சென்ற மாதம் ஒரு ஞாயிறு. காலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்து சென்றபின், பங்கு இல்லத்துத் தாழ்வாரத்தில் ஒரு தாய் எனக்காகக் காத்திருந்தார். காசிமேட்டில் மீனைக் கூறு வைத்து விற்றுப் பிழைப்பவர், கணவரை இழந்தவர், ஒரே மகன். வெகுநேரம் வேறு எதையெதையோ பேசிவிட்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"ஃபாதர், எம்புள்ளைய எங்க தெருவே 'எம்டன்'னு சொல்லுது. கேக்கறப்ப பெருமையாத்தான் இருக்கு. ராத்திரி படுத்தா பயமா இருக்கு."

மகனுக்கு வயது இருபத்திரண்டு. கன்டெய்னர் கிடங்கு ஒன்றில் காண்டிராக்ட் கூலியாக இருந்தவன். அந்த வேலை போய் ஓராண்டு ஆகிறது. அன்றிலிருந்து ஓர் 'அண்ண'னோடு இருக்கிறான். அந்த அண்ணன் யார், எந்தக் கொடியைப் பிடிப்பவர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். இத்தகைய அண்ணன்மார் எல்லாக் கொடிகளின் கீழும் இருக்கிறார்கள். பையனுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கிடைத்தது. கூட்டம் நடக்கும் நாட்களில் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சட்டை கிடைக்கிறது. இரவில் பிரியாணிப் பொட்டலம் கிடைக்கிறது. பதிலுக்கு அவன் என்ன செய்கிறான் என்பதைத் தாய் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"அண்ணன் சொன்னா உசிரையே குடுப்பேன்றான் ஃபாதர். இன்னா பண்றதுன்னே தெரில."

"அவனை ஒருமுறை வரச் சொல்லும்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அவன் வந்தானா என்பதைப் பின்னர் சொல்கிறேன். இடையிலிருந்த நாட்களில் அந்தத் தாய் விட்டுச்சென்ற 'எம்டன்' என்ற சொல்லே என் நினைவில் நின்றது. அச்சொல்லின் வழியே ஒரு கப்பலும், அக்கப்பலின் அதிகாரி ஒருவரும், அவர் சேர்ந்த கட்சியின் படைத்தலைவராய் இருந்து மாண்ட இன்னொரு ஜெர்மானியப் படைவீரரும் என் முன்னே வந்து நின்றனர். இம்மாதம் அவர்களைப் பற்றியே எழுதுகிறேன்.

துணிச்சலும் தந்திரமும் உள்ளவனை எம்டன் என்று நம் மக்கள் சொல்வது நூறாண்டுப் பழக்கம். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு ஒன்பதரை மணியளவில், முதல் உலகப் போர் தொடங்கி ஏழு வாரங்களே ஆகியிருந்த வேளையில், எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எதிரே வந்து நின்றது. போர்க்காலமாயிருந்தும் நகரின் விளக்குகள் அணைக்கப்பட்டிருக்கவில்லை. கப்பல் தன் தேடுவிளக்கைப் பாய்ச்சி, துறைமுகத்தை அடுத்திருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் குறிபார்த்துச் சுட்டது. ஏறத்தாழ 125 குண்டுகள். இரண்டு தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. உயிரிழந்தோர் குறைந்தது ஐவர். அவர்களில் சிலர் துறைமுகத்தில் நின்ற ஒரு வணிகக் கப்பலில் இருந்தவர்கள். சில குண்டுகள் உயர் நீதிமன்ற வளாகம்வரை சென்று விழுந்தன. அதன் நினைவாக அங்கே பதித்த கல்வெட்டை வழக்குக்காகச் செல்வோர் இன்றும் காணலாம். எல்லாம் அரைமணி நேரத்துக்குள் முடிந்து, கப்பல் விளக்கை அணைத்துக்கொண்டு இருளில் மறைந்தது.

ஆனால் நகரம் கலங்கிப்போயிற்று. மறுநாள் முதலே ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளோடு இரயிலிலும் வண்டியிலும் கால்நடையாகவும் ஊரைவிட்டு வெளியேறினர். வெள்ளைக்காரனின் கடல்வலிமையை எவராலும் அசைக்க முடியாது என்றிருந்த நம்பிக்கை ஒரே இரவில் ஆட்டங்கண்டது. அச்சமும் வியப்பும் கலந்த அந்த நாட்களில் பிறந்ததுதான் இந்தச் சொல். (அக்கப்பலில் நம் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவர் பெர்லினில் இருந்து இந்திய விடுதலைக்குப் பாடுபட்டவர் என்பது மெய். கப்பலில் வந்தார் என்பதற்கு ஆதாரம் கிடைத்ததில்லை. நல்ல கதையைக் கெடுப்பதற்காக என்னை மன்னியுங்கள்.)

அக்கப்பலின் தலைவர் கார்ல் வான் முல்லர். அவருக்கு அடுத்த நிலையிலிருந்த முதல் அதிகாரி ஹெல்முத் வான் முக்கே. அன்றிரவு நம் கரைக்கு எதிரே நின்றபோது முக்கேவுக்கு வயது முப்பத்து மூன்று. அதன்பின் ஏழே வாரங்களில், நவம்பர் 9-ஆம் நாள், கொகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பலான சிட்னி எம்டனை அடித்து நொறுக்கியது. அவ்வேளையில் முக்கே கப்பலில் இல்லை. தந்தி நிலையத்தை அழிப்பதற்காக ஐம்பதுபேர் அளவிலான ஒரு குழுவோடு தீவில் இறங்கியிருந்தார். தம் கப்பல் அழிவதைக் கரையிலிருந்து கண்ட அவர், சரணடையாமல், தீவில் கிடந்த ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலைக் கைப்பற்றி சுமத்ராவுக்குச் சென்றார். அங்கிருந்து ஒரு ஜெர்மானிய வணிகக் கப்பலேறி ஏமன் நாட்டை அடைந்தார். பின்பு ஒட்டகங்களின் மேல் அரபுப் பாலைவனத்தினூடே, வழியில் பெதுவின் கூட்டத்தாரோடு போரிட்டு ஆட்களை இழந்து, இரயில் பாதையைப் பிடித்து, 1915 மே 23 அன்று தம் எஞ்சிய வீரரோடு கான்ஸ்டாண்டிநோபிள் வந்து சேர்ந்தார். அன்று பெந்தகோஸ்தே ஞாயிறு. ஜெர்மனி முழுவதும் அவரைக் கொண்டாடியது. அவர் எழுதிய நூல்கள் வீடுதோறும் வாசிக்கப்பட்டன.

இத்தகைய வீரருக்குப் போருக்குப்பின் என்ன வேலை? இது எளிய கேள்வியன்று. 1918 நவம்பரில் ஜெர்மனி தோற்றது. பேரரசர் நாட்டைவிட்டு ஓடினார். வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனியின் தரைப்படையை ஒரு லட்சம் பேராகக் குறுக்கியது. நான்காண்டுகள் அகழிகளில் வாழ்ந்து, கொல்லவும் கட்டளையிடவும் மட்டுமே கற்றிருந்த பல்லாயிரம் இளைஞர் வேலையற்று வீதிக்கு வந்தனர். வீட்டுக்குத் திரும்பினார்கள் என்று சொல்லுகிறோம். அவர்களில் பலர் ஒருபோதும் திரும்பவே இல்லை. உடல் வந்தது, உள்ளம் அகழியிலேயே தங்கிவிட்டது.

அப்படித் தங்கிவிட்டவர்களுள் ஒருவர் எர்ன்ஸ்ட் ரேம். (அப்பெயரை 'ரோம்' என்று எழுதுவோரும் உண்டு, உரோமை நகரோடு குழம்பாதிருக்க நான் இப்படி எழுதுகிறேன்.) 1887-இல் மியூனிக் நகரில், இரயில்வே அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். பத்தொன்பதாம் வயதில் பவேரியக் காலாட்படையில் சேர்ந்து, இரண்டாண்டுகளில் அதிகாரியானார். எம்டன் நம் துறைமுகத்தைச் சுட்ட அதே செப்டம்பர் மாதத்தில், பிரான்சின் லொரேன் பகுதியில், ஒரு குண்டு அவர் முகத்தைக் கிழித்தது. மூக்கு சிதைந்து, கன்னத்தில் ஆழ்ந்த வடு நிலைத்தது. பின்பு தோற்ற எல்லாப் புகைப்படங்களிலும் அந்த வடுவே முதலில் கண்ணில் படுகிறது. 1916-இல் வெர்துன் போர்க்களத்தில் மார்பில் படுகாயமுற்றார். இரும்புச் சிலுவை விருதும், கேப்டன் பதவியும் பெற்றார். கோழை என்று அவரை எவரும் சொல்ல முடியாது.

போர் முடிந்ததும் மியூனிக்கில் தனியார் படைகள் முளைத்தன. அவற்றுக்கு ஆயுதம் வேண்டும். வெற்றி பெற்ற நாடுகள் பறிமுதல் செய்யத் தேடிய துப்பாக்கிகளை இரகசியக் கிடங்குகளில் பதுக்கி, வேண்டியவர்களுக்கு வழங்கியவர் கேப்டன் ரேம். 'பவேரியாவின் இயந்திரத் துப்பாக்கி மன்னர்' என்றே அவருக்குப் பட்டப்பெயர். அக்காலத்தில்தான் மதுக்கூடங்களில் நாவன்மையோடு பேசித்திரிந்த ஹிட்லர் என்ற முன்னாள் சிப்பாய் அவர் கண்ணில் பட்டார். யார் யாரை உருவாக்கினார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். இராணுவத்தின் பணமும், தொடர்பும், ஆட்களும் ரேம் வழியாகவே ஹிட்லரின் சிறு கட்சிக்குக் கிடைத்தன. ஹிட்லரை 'நீ' என்று ஒருமையில் அழைக்கும் உரிமை பெற்றிருந்த மிகச் சிலருள் ரேம் ஒருவர். ஜெர்மானியர் அவ்வுரிமையை எளிதில் எவருக்கும் தருவதில்லை.

1923 நவம்பரில் இருவரும் சேர்ந்து ஆட்சியைக் கைப்பற்ற முயன்றனர். ரேம் தம் ஆட்களோடு மியூனிக் போர் அமைச்சகக் கட்டடத்தைப் பிடித்துக்கொண்டார். மறுநாளே முயற்சி முறிந்தது. ஸ்டாடல்ஹைம் சிறையில் ஐந்து மாதங்கள் அடைபட்டிருந்தார். தேசத்துரோகக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டும், நீதிபதிகள் தண்டனையை நிறுத்திவைத்து அவரை விடுவித்தனர். தண்டிக்க வேண்டிய வேளையில் தண்டிக்காத அந்த நீதிபதிகளைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். பின்னர் ஹிட்லரோடு மனத்தாங்கல் ஏற்பட்டுப் பொது வாழ்வை விட்டு விலகினார். தம் வரலாற்றை எழுதி, அதற்குத் தாமே 'ஒரு தேசத்துரோகியின் கதை' என்று பொருள்படும் தலைப்பிட்டார். 1928 இறுதியில் தென்னமெரிக்காவின் பொலிவியா நாட்டுக்கு இராணுவ ஆலோசகராகச் சென்றார். அங்கேயே அவர் இருந்திருந்தால் இந்தப் பத்தியில் இடம்பெற்றிருக்க மாட்டார்.

ஹிட்லர் மீண்டும் அழைத்தார். 1931 சனவரியில் கட்சியின் பழுப்புச் சட்டைப் படைக்கு ரேம் தலைமைத் தளபதியானார். எஸ். ஏ. என்ற இரண்டெழுத்தால் அறியப்பட்ட அப்படையில் அப்போது லட்சத்துக்கும் குறைவானவர்களே இருந்தனர். ஈராண்டுகளில் நான்கு லட்சத்தைத் தாண்டியது. 1934 தொடக்கத்தில், பிற சங்கங்களையும் விழுங்கி, முப்பது லட்சம் அளவுக்குப் பெருகியது.

இத்தனை பேர் எங்கிருந்து வந்தனர்? நம் பகுதியில் வாழ்வோருக்கு இதை விளக்க அதிகச் சொற்கள் தேவையில்லை. 1932 தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலையற்றோராகப் பதிந்திருந்தவர் அறுபது லட்சத்துக்கும் மேல். வேலையிழந்த இளைஞனுக்கு அப்படை ஒரு சட்டையும் காலணியும் கொடுத்தது. படையின் விடுதிகளில் படுக்க இடமும், ஒருவேளைக் கஞ்சியும் கிடைத்தன. இவற்றைவிட மேலாக, நேற்றுவரை எவராலும் திரும்பிப் பார்க்கப்படாதவனைக் கண்டு தெரு ஒதுங்கி வழிவிட்டது. வறுமையால் வந்த பசியைக் கஞ்சி தீர்த்தது. இந்த இன்னொரு பசியை அச்சமூட்டும் சுகம் தீர்த்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளினூடே மோட்டார் சைக்கிளில் மூவராகப் பாய்ந்து செல்லும் நம் பிள்ளைகளைப் பார்க்கும்போது இந்த இரண்டாவது பசியே என் நினைவுக்கு வருகிறது. அவர்கள் நாஜிகள் என்று நான் சொல்லவில்லை. பசி ஒன்றே என்கிறேன்.

அந்தப் படையின் வேலை என்ன? எதிர்க்கட்சிக் கூட்டங்களைக் கலைப்பது, சுவரொட்டி ஒட்டுவது, ஒட்டியதைக் கிழிப்பவனை அடிப்பது, யூதர் கடைகளின் முன் நின்று வாடிக்கையாளரை மிரட்டுவது. 1933 சனவரி 30 அன்று ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் அதே வேலை அரசாங்க வேலையாயிற்று. பழைய கிடங்குகளிலும் நிலவறைகளிலும் அவர்களே சிறைகள் அமைத்து, தங்கள் பழைய பகைவர்களைக் கொண்டுவந்து வதைத்தனர்.

தொழிற்சங்கம் கண்ட வடசென்னை மக்கள் அறிய வேண்டிய ஒரு நிகழ்ச்சி உண்டு. நாட்டிலேயே முதன்முதலாக 1923-இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியது நம் சென்னைக் கடற்கரையில். அதன் பின் பத்தாண்டுகள் கழித்து, 1933-இல், ஹிட்லரின் அரசு மே முதல் நாளை ஊதியத்தோடு கூடிய தேசிய விடுமுறையாக அறிவித்தது. சங்கத்தலைவர் பலரும் மகிழ்ந்து ஊர்வலத்தில் நடந்தனர். மறுநாள், மே 2 காலையில், ரேமின் பழுப்புச் சட்டையினர் நாடெங்கும் சங்க அலுவலகங்களுக்குள் புகுந்து, பணத்தையும் கட்டடங்களையும் கைப்பற்றி, தலைவர்களை இழுத்துச் சென்றனர். இழுத்துச் சென்றவர்களும் தொழிலாளரின் பிள்ளைகளே.

இவ்வளவும் செய்து முடித்த படைத்தலைவருக்கு இனி என்ன வேண்டும்? ரேம் அமைச்சரானார். ஆனால் அவர் கனவு வேறு. ஒரு லட்சம் பேர் கொண்ட பழைய இராணுவத்தைத் தம் முப்பது லட்சம் பேருள் கரைத்து, தாமே அதன் தலைவராக வேண்டும் என்று விரும்பினார். தளபதிகள் சினந்தனர். ஹிட்லருக்கோ அவர் நினைத்த போரை நடத்தப் பயிற்சிபெற்ற தளபதிகள் வேண்டும். தெருச்சண்டைக்காரர்கள் இனி வேண்டியதில்லை. ஏணியில் ஏறி முடித்தவருக்கு ஏணி இடைஞ்சலாயிற்று. 1934 புத்தாண்டையொட்டி ரேமின் அரிய தொண்டுக்கு நெஞ்சார நன்றி கூறி ஹிட்லர் எழுதிய கடிதம் கட்சிப் பத்திரிகையில் வெளிவந்தது. ஆறு மாதம் முடிவதற்குள் நடந்ததை இனிக் கேளுங்கள்.

ரேம் கலகம் செய்யத் திட்டமிட்டார் என்று அறிவித்தார்கள். உண்மையில் சூலை மாதம் முழுவதும் தம் படைக்கு அவர் விடுமுறை அளித்திருந்தார். தாமும் பாட் வீசே என்ற ஏரிக்கரைச் சிற்றூரில் உடல்நலம் தேறத் தங்கியிருந்தார். சூன் 30 விடியற்காலையில் ஹிட்லரே நேரில் வந்து, விடுதி அறையில் உறங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிக் கைது செய்தார். கொண்டுசேர்த்த இடம், பத்தாண்டுகளுக்குமுன் ஹிட்லருக்காக அவர் அடைபட்டிருந்த அதே ஸ்டாடல்ஹைம் சிறை. அடுத்த நாள் சூலை முதல் தேதி, ஞாயிறு. டாக்கவ் வதைமுகாமின் தலைவர் தியோடர் ஐக்கேயும், மைக்கேல் லிப்பர்ட் என்ற இன்னோர் எஸ். எஸ். அதிகாரியும் அவர் அறைக்கு வந்து, ஒரு கைத்துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு, தற்கொலை செய்துகொள்ளப் பத்து நிமிட அவகாசம் தந்து வெளியேறினர். வெடிச்சத்தம் கேட்கவில்லை. அவர்களே உள்ளே வந்து சுட்டுக்கொன்றனர்.

ரேமின் ஒழுக்கக்கேடே காரணம் என்றும் அரசு பரப்பியது. ஆண்களோடு அவருக்கிருந்த உறவு எதிர்க்கட்சிப் பத்திரிகைகளில் முன்னரே வெளிவந்த செய்தி. ஹிட்லர் அதை அறிந்தே பல்லாண்டு அவரைத் தம்மருகே வைத்திருந்தார். ஒருவனைக் கொன்றபின் அவன் அந்தரங்கத்தை ஊருக்குக் காட்டிக் கொலையை நியாயப்படுத்துவது அயோக்கியத்தனம். அதைக் கேட்டுத் தலையாட்டிய பக்தியுள்ள கிறிஸ்தவர்களும் இருந்தனர் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

ஏனெனில் அந்த மூன்று நாட்களில் செத்தவர் ரேமும் அவர் கூட்டாளிகளும் மட்டுமல்லர். பெயர் தெரிந்தவர்களே எண்பதுக்கும் மேல். பெர்லின் மறைமாவட்டத்தில் கத்தோலிக்க சேவா இயக்கமாகிய கத்தோலிக்க ஆக்ஷனின் தலைவர் எரிக் கிளவ்செனர். இவரும் அதே முதல் உலகப் போரில் அதிகாரியாய் இருந்தவர். இவர் மார்பிலும் அதே இரும்புச் சிலுவை இருந்தது. போர் முடிந்தபின் அரசு அலுவலராகி, பிரஷ்ய உள்துறையின் காவல் பிரிவுக்குப் பொறுப்பேற்று, நாஜி அடியாட்களைச் சட்டப்படி அடக்க முயன்றார். சூன் 24 அன்று பெர்லின் அருகே ஹோப்பகார்டன் மைதானத்தில் 60,000 கத்தோலிக்கர் கூடிய மாநாட்டில் பேசினார். ஆறு நாட்கள் கழித்து, அமைச்சகத்தில் தம் அறையிலேயே சுடப்பட்டார். தற்கொலை என்று அறிவித்தார்கள். உடலைக் குடும்பத்தாரிடம் ஒப்படைக்காமல் எரித்துவிட்டனர். அவருடைய சாம்பல் இன்று பெர்லினில், மறைசாட்சிகளின் அரசியாம் மரியாவின் ஆலயத்தில் இருக்கிறது.

மியூனிக்கில் ஃபிரிட்ஸ் கெர்லிக் என்ற பத்திரிகையாளர், 1931-இல் கத்தோலிக்கரானவர், ஹிட்லரைத் துணிந்து எழுத்தில் எதிர்த்தவர். அவரை டாக்கவில் கொன்றனர். அதே நகரில் வில்லி ஷ்மித் என்ற இசை விமர்சகர். அரசியலுக்கும் அவருக்கும் தொடர்பே இல்லை. வேறொரு ஷ்மித்தைத் தேடி வந்தவர்கள், வீட்டில் செல்லோ வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்த இவரை அழைத்துச் சென்றனர். மனைவிக்குத் திரும்பி வந்தது ஒரு சவப்பெட்டி. அதைத் திறக்கலாகாது என்பது உத்தரவு.

சூலை 3 அன்று, நடந்த அனைத்தும் அரசின் தற்காப்பே, ஆகவே சட்டப்படி சரி என்று ஒரே வரியில் ஒரு சட்டம் இயற்றினார்கள். தளபதிகள் நன்றி கூறினர். ஆகஸ்ட் 2 அன்று இராணுவத்தினர் யாவரும் நாட்டின் பேரில் அல்ல, ஹிட்லர் என்ற ஆளின் பேரில் சத்தியம் செய்தனர். நம் திருச்சபையோ ஓராண்டுக்குமுன்புதான் ஹிட்லர் அரசோடு உடன்படிக்கை செய்திருந்தது. தம் பொதுநிலையினர் தலைவர் கொல்லப்பட்டும் ஜெர்மானிய ஆயர்கள் ஒன்றுசேர்ந்து வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை. குருமடத்தில் எங்களுக்குத் திருச்சபை வரலாறு கற்பித்த வயோதிகப் பேராசிரியர் இவ்விடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாதிருந்தது நினைவிருக்கிறது.

இராயபுரம் என்ற பெயர் இராயப்பரின் பெயரால் வந்தது என்பர். கடலோடிகளாகிய நம் முன்னோர் கட்டிய புனித இராயப்பர் ஆலயம் அதற்குச் சாட்சி. அந்த இராயப்பரும் ஒருமுறை தம் ஆண்டவருக்காக வாளை உருவியவரே. ஒலிவத்தோட்டத்தில் ஊழியன் ஒருவனின் காதை வெட்டினார். உயிரையே கொடுப்பேன் என்று சில மணி நேரத்துக்குமுன் சொன்ன வாய் அது. ஆனால் அவருடைய தலைவர் அந்த வாளை உறையில் போடச் சொன்னார். வெட்டுண்ட காதைத் தொட்டுக் குணமாக்கினார். தம்மைத் தேடி வந்தவர்களிடம், இவர்களைப் போகவிடுங்கள் என்று தம் சீடருக்காகக் கேட்டார். ரேமின் தலைவர் மேசைமேல் துப்பாக்கியை வைக்கச் சொன்னார். தலைவர்களை எடைபோட எனக்கு வேறு தராசு தெரியாது.

எம்டனின் முக்கேவை நடுவழியில் விட்டுவிட்டேன். அவரும் அந்தக் கட்சியில் சேர்ந்தவரே. போர்வீரர்களின் மனக்கசப்பு அவரையும் அங்கே கொண்டுசேர்த்தது. 1926-இல் சாக்சனி மாநிலச் சட்டமன்றத்துக்கு நாஜிக் கட்சியின் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாடறிந்த கடல்வீரர், பேச்சாளர், நூலாசிரியர். கட்சி ஆட்சிக்கு வந்தபோது அவர் அதிலேயே இருந்திருந்தால் எந்தப் பதவியும் கைக்கு எட்டியிருக்கும். ஆனால் 1929-இலேயே, கட்சித் தலைமையோடு முரண்பட்டு, வெளிப்படையாக விலகிவிட்டார். அதன்பின் போருக்கு எதிராகப் பேசலானார். நாஜி அரசு அவர் எழுத்துக்குத் தடை விதித்தது. அவரைப் பிடித்து அடைத்தும் வைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின், மேற்கு ஜெர்மனி மீண்டும் படை திரட்ட முனைந்தபோது, முதியவராகிவிட்ட அந்தப் பழைய எம்டன் அதிகாரி அதையும் எதிர்த்தார். 1957 சூலையில் இறந்தார். ரேமைக் கொன்ற லிப்பர்ட்டை மியூனிக் நீதிமன்றம் இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப்பின் விசாரித்துத் தண்டித்ததும் அவ்வாண்டிலேயே. கொடுத்த தண்டனை பதினெட்டு மாதம்.

அந்தத் தாயின் மகன் பத்து நாள் கழித்து வந்தான். வண்டியை ஆலய வளாகத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். அது எனக்குப் பிடித்திருந்தது. நான் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. எம்டன் என்று உன்னை அழைக்கிறார்களாமே, அந்தக் கப்பல் எங்கே வந்து நின்றது தெரியுமா என்று தொடங்கி, மேலே எழுதிய கதையைத்தான் சொன்னேன். கைப்பேசி இரண்டு முறை ஒலித்தது. முதன்முறை எடுத்து, "வரேண்ணா" என்றான். இரண்டாம் முறை ஒலித்தபோது அதைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

துப்பாக்கியை மேசைமேல் வைத்த இடம் வந்ததும் கேட்டான்:

"ரெண்டு பேரும் நீ, நான்னு பேசிக்கினவங்கதானே ஃபாதர்?"

"ஆமாம்."

"அந்தக் கப்பல்காரர் வெளிய வந்தாரே. அவர சும்மா வுட்டுட்டாங்களா?"

"சும்மா விடவில்லை. பிடித்து உள்ளே போட்டார்கள். எழுதக்கூடாது என்றார்கள்."

"அப்புறம்?"

"எழுபத்தாறு வயதுவரை இருந்தார்."

அவன் எழுந்து, நாற்காலியைச் சுவரோரம் பழைய இடத்திலேயே வைத்தான். வெளியே போய் வண்டியை உடனே கிளப்பாமல் கொஞ்ச நேரம் அதன்மேல் உட்கார்ந்திருந்ததைச் சன்னல் வழியே பார்த்தேன். துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் சங்கு ஊதிற்று. அடுத்த வாரம் கிடங்கில் ஆள் எடுக்கிறார்களாம், ஒரு கடிதம் கொடுப்பீர்களா ஃபாதர் என்று அவனுடைய தாய் வந்து கேட்டார். கொடுத்திருக்கிறேன்.